சான்றிதழ் சுவருக்கா, சிஸ்டருக்கா?

பெரிய ஆஸ்பத்திரி எதற்குள் நுழைந்தாலும் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். அதில் ஒன்று பெரும்பாலும் என்ஏபிஹெச். எங்கள் ஏரல் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் யாரும் நின்று அதைப் படிப்பதில்லை. எங்கே நேரம்?

என்ஏபிஹெச் என்பது 2005-ல் இந்தியத் தரக் கழகத்தின் கீழ் தொடங்கப்பட்ட, ஆஸ்பத்திரிகளுக்கான தேசிய அங்கீகார வாரியம். இது நர்சிங்குக்கு மட்டும் தனியாக 'நர்சிங் எக்ஸலன்ஸ்' என்ற சான்றிதழும் தருகிறது. மருந்து கொடுக்கும் முறை, தொற்றுத் தடுப்பு, ஆள் ஒதுக்கீடு, நிர்வாகத்தில் நர்சுகளுக்கு இருக்கும் குரல் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழால் யாருக்கு லாபம் என்று கேட்கத் தோன்றுகிறது. (காமர்ஸ் படிக்கிறவன் புத்தி வேறெங்கே போகும்!)

இந்த யோசனை பிறந்த கதையைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடுமையான நர்ஸ் பஞ்சம். ஆனால் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் நர்சுகள் வேலையை விடாமல் இருந்தார்கள். ஏன் என்று 163 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து, 41 ஆஸ்பத்திரிகள் நர்சுகளைக் காந்தம் போல இழுத்து வைத்திருக்கின்றன என்று 1983-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அதிலிருந்துதான் 'மேக்னெட்' அங்கீகாரம் வந்தது. 1994-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ மையம் அதை முதலில் பெற்றது. ஆக, எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே கேள்விதான்: இங்கே நர்சுகள் ஏன் தங்குகிறார்கள்?

நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். 2015-ல் தமிழக அரசு தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். சம்பளம் பிறகுதான் படிப்படியாக ஏறியது. தனியார் கதைக்கு வருவோம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். கேரளா 2018-ல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையே வெளியிட்டது. நம் பக்கத்துப் பெண்கள் கடன் வாங்கி நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறுவது ஆசையால் மட்டுமா?

இது நர்சுகளின் பிரச்சினை மட்டுமல்ல, படுக்கையில் கிடப்பவரின் பிரச்சினையும்தான். லிண்டா எய்கன் குழு பென்சில்வேனியாவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 3 பேருக்கு ஒரு நர்ஸ், பொது ஆஸ்பத்திரிக்கு 5 பேருக்கு ஒருவர் என்று அளவு வைத்திருக்கிறது. ராத்திரி டூட்டியில் வார்டுக்குள் போய் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி பணக் கணக்கு. அங்கீகாரம் சும்மா வெறும் பெருமை அல்ல, வருமானமும்கூட. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் என்ஏபிஹெச் நுழைவுநிலைச் சான்று உள்ள ஆஸ்பத்திரிக்கு 10 சதவீதமும், முழு அங்கீகாரம் உள்ளதற்கு 15 சதவீதமும் கட்டணம் கூடுதலாகக் கிடைக்க வழி வைத்தார்கள். ஆய்வு நடக்கும்போது பதிவேடு எழுதி, கை கழுவும் முறையைச் சொல்லிக்காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்பவர் யார்? சிஸ்டர்தான். அரசு ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்காக 2015-ல் வந்த காயகல்ப் விருதில், பரிசுப் பணத்தில் 25 சதவீதம் ஊழியர்களுக்கு என்று விதியே இருக்கிறது. அதே விதியை அங்கீகாரத்தால் வரும் கூடுதல் வருமானத்துக்கும் ஏன் வைக்கக்கூடாது?

என் கட்சி இதுதான். நகைக்கடை போர்டில் ஹால்மார்க் என்று எழுதியிருந்தால் நாம் திருப்தியாகி விடுவதில்லை, நகையைத் திருப்பி முத்திரையைத் தேடுகிறோம். அதுபோல நர்சிங் சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அதன் பக்கத்திலேயே மூன்று எண்களை எழுதி மாட்டட்டும். இரவில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி? போன வருடம் எத்தனை நர்சுகள் வேலையை விட்டுப் போனார்கள்? புதிதாகச் சேரும் நர்சுக்கு என்ன சம்பளம்? பங்கு வாங்குகிறவனுக்குக் கம்பெனி வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, உயிரை ஒப்படைக்கிறவனுக்குக் காட்டக் கூடாதா?

சின்ன ஆஸ்பத்திரிகள் இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பார்கள். சம்பளத்தை ஒரே நாளில் உயர்த்துவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று எண்களை எழுதி மாட்ட ஒரு சாக்பீஸ் போதும். அதை எழுதத் தயங்குகிற ஆஸ்பத்திரிக்கு 'எக்ஸலன்ஸ்' என்ற பட்டம் எதற்கு?