அச்சாணியும் சக்கரப் போல்ட்டும்

பழைய கார்களின்மேல் பித்துக் கொண்டவர்களை ‘மரை கழன்றவர்கள்’ என்று வீட்டார் ஏசுவதுண்டு. அந்த ஏச்சை நாமும் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். அண்மையில் வந்த ஒரு மடலோ, அச்சொல்லின் நேர்ப்பொருளையே எண்ணி அஞ்சும்படி செய்துவிட்டது.

நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்று, இன்று ஜெர்மனியில் பணிபுரியும் மாணவர் ஒருவர், முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வருகிறார். ஜுஜியாரோ வடிவமைத்து, 1974இல் வெளிவந்த அந்தப் பெட்டி வடிவக் கார்தான். 13 அங்குல இரும்புச் சக்கரங்களுக்கு மாற்றாக 15 அங்குல அலாய் சக்கரங்கள், முன்பக்கத்து 239 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க்குகளுக்கு மாற்றாக, பின்னாளில் வந்த இரண்டாம் தலைமுறை ஜி.டி.ஐ. வண்டியின் 256 மில்லிமீட்டர் டிஸ்க்குகள் என்று எல்லாம் வாங்கியாயிற்று. எந்தச் சக்கரம் என்று தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டாராம். மடலின் கடைசியில் ஒரே ஒரு வரி: “போல்ட்டு பழையதே போதும் ஐயா, மரையில் நன்றாக ஏறுகிறது.”

ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதுதான் பழைய கார் அன்பர்களிடையே நாம் காணும் பெரும் பிழை. சக்கரத்தையும் பிரேக்கையும் மாற்றுகிறவர், போல்ட்டைக் கடைசியில் நினைப்பதை விடுத்து, முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

காரணம் எளியது. பல கார்களில் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் நட்டைப் போட்டு இறுக்குவார்கள். இந்த கோல்ஃபில் அவ்வாறன்று. போல்ட்டு சக்கரத்தின் ஊடாகவும் டிஸ்க்கின் ஊடாகவும் நுழைந்து ஹப்பின் மரையைச் சென்று பற்ற வேண்டும். இடையில் உள்ளவற்றின் பருமன் மாறினால், ஹப்புக்குள் இறங்கும் மரையின் அளவும் மாறியே தீரும்.

காரின் எடையைப் போல்ட்டுகளே தாங்குகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் போல்ட்டின் வேலை சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே சுமையை ஏற்கிறது. இந்தக் காரின் 12 மில்லிமீட்டர் போல்ட்டை 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், ஏறத்தாழ நாலரை டன் அழுத்தம் பிறக்கும். நான்கு போல்ட்டுக்கும் சேர்த்து 18 டன். ஒரு டன்கூட எடையில்லாத காருக்கு இவ்வளவா என்று வியக்கலாம். ஆனால் இந்தப் பிடி தளர்ந்த கணமே சக்கரம் நுண்ணிதாக அசையத் தொடங்கும். அசைவு போல்ட்டை வளைக்கும், வளைவு அதை முறிக்கும். பிரேக்கைப் பெரிதாக்கிச் சக்கரத்தின்மேல் விசையைக் கூட்டிவிட்டு, அதைப் பற்றிக்கொள்ளும் பொருளைக் கவனியாமல் விடுவது என்ன நியாயம்?

நிற்க. எவற்றையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலாவது மரை. இந்தக் காருக்கு 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் வேண்டும். ஃபியட், பெஜோ வண்டிகள் பலவற்றில் விட்டம் அதுவே, இடைவெளி 1.25. அந்தப் போல்ட்டும் இங்கே ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். துருவென்று எண்ணி ஸ்பேனரால் வலிந்து திருகினால் ஹப்பின் மரையே அழிந்துவிடும். 1997இல் வந்த நான்காம் தலைமுறை கோல்ஃப் 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மாறிவிட்டது. ஆகவே பெயர் ஒன்று என்பதற்காகப் போல்ட்டும் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது இருக்கை, அதாவது போல்ட்டின் தலை சக்கரத்தில் சென்று அமரும் இடம். ஃபோக்ஸ்வாகன் தன் சக்கரங்களில் பந்தைப் போன்ற உருண்டை இருக்கையை வைத்தது. வெளிச்சந்தை அலாய் சக்கரங்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு இருக்கை. உருண்டைத் தலை கூம்புக் குழியில் அமர்ந்தால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், பிடியோ இராது. சில நாள் ஓட்டத்தில் அலுமினியம் நசுங்கிப் போல்ட்டு தானே தளரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் கொடுமை.

மூன்றாவது நீளம். அலாய் சக்கரத்தின் நடுப்பகுதி இரும்புத் தகட்டைவிடப் பருமன் மிக்கது. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு ஆழமாவது மரை பற்ற வேண்டும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் எளிய விதி. 12 மில்லிமீட்டருக்கு எட்டுச் சுற்று. 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒன்றை இடையில் செருகினால் அதில் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். நீளம் மிகுந்தாலும் கேடுதான். பின்சக்கர டிரம்முக்குள் நீட்டிக்கொள்ளும் போல்ட்டு பிரேக் கட்டையையோ ஸ்பிரிங்கையோ உரசும். அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும்.

நான்காவது வலிமை. போல்ட்டின் தலையில் 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும், அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நிலையாக நீண்டுவிடாது என்பது அதன் பொருள். எண்ணே இல்லாத பளபளப்பான போல்ட்டு, முகவரி இல்லாத மடலைப் போன்றது. மரையில் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். உராய்வு குறைந்து, அதே 110 அளவிலேயே போல்ட்டு மிகையாக இழுபடும். 50 கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி சரிபார்ப்பது நலம்.

“அசல் போல்ட்டையே வைத்துக்கொள்வதுதானே பழமையைப் போற்றுவது?” என்று கேட்போரும் உண்டு. அசல் சக்கரத்துக்கு அசல் போல்ட்டு என்பது சரி. சக்கரத்தை மாற்றியபின் போல்ட்டில் மட்டும் அசலைத் தேடுவது பற்றன்று, சிக்கனம். நூற்றுக்கணக்கில் யூரோவைச் சக்கரத்துக்குக் கொடுத்தவர், பதினாறு போல்ட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார். இத்தனைக்கும் ஜெர்மனியில் இத்தகைய சக்கரங்களுடன் வரும் சான்றுத்தாளில் எந்த இருக்கை, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிப்பார் இல்லை என்பதே குறை. கழன்றோடும் சக்கரம், காரை நேசிப்பவர் யார், நேசிக்காதவர் யார் என்று பார்த்து மோதுவதில்லை. சாலையோரம் நடந்து செல்பவர் நம் பித்துக்குப் பொறுப்பல்லர்.

வினைத்திட்பம் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். பெருந்தேரின் அச்சாணியை உவமையாக்கி வள்ளுவர் உரைத்ததை மாணவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அந்தக் குறளை அன்று எழுதியவர்களுள் இந்த மாணவரும் ஒருவர். ஆதலால் மறுமடலில் நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. சக்கரத்தை மாட்டி, பழைய போல்ட்டைக் கையாலேயே திருகி, தலை சென்று அமரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுக என்று மட்டும் கேட்டோம்.

மறுநாளே விடை வந்தது. “நாலரைச் சுற்று ஐயா. தலையும் உருண்டை, குழியோ கூம்பு. வண்டியை இறக்காமல் ஜாக்கியிலேயே வைத்திருக்கிறேன்.”