எலிக்கு வந்த மறதி, அத்தைக்கு வந்த கோபம்

வயதானவர்களுக்கு வரும் மறதியைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம், சகோதரிகளே. சாப்பிட்டதையே மறந்து, “எனக்கு யாரும் சோறு போடலே” என்றால் இன்னும் ஒரு கை போட்டுவிட்டுப் போகிறோம். ஆனால் மறதியோடு கூடவே வரும் மற்ற சங்கடங்கள் இருக்கின்றனவே, அவைதான் வீட்டுப் பெண்களின் உயிரை வாங்கிவிடும். சந்தேகம், கோபம், ராத்திரியெல்லாம் தூங்காமல் நடப்பது, விளக்கு வைக்கும் நேரம் வந்தால் “என் வீட்டுக்குப் போகணும்” என்று மூட்டை கட்டுவது! இருப்பதே அவர்கள் வீட்டில்தான் என்று எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

எங்கள் மகாராஜபுரத்தில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ஒரு மருமகள் போன மாதம் என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். “அக்கா, பீரோ சாவியை நான் திருடிட்டேன்னு அத்தை தெருவுல நின்னு சொல்றாக. பார்க்கிறவுகளும் நம்பத்தானே செய்வாக? பதினஞ்சு வருஷமா அவுகளுக்குச் செஞ்சது எல்லாம் எங்கே போச்சு?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அமுக்கரா கிழங்குப் பொடி. “மறதி வந்த எலிக்கு இதைக் கொடுத்ததுல சரியாப் போச்சாம். போன்ல வந்துச்சு. அத்தைக்குப் பால்ல கலந்து கொடுக்கட்டுமா?” என்று கேட்டாள்.

சதுரகிரி மலையின் அடிவாரத்து ஊர் எங்களுடையது. மூலிகை என்றால் இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை அதிகம். அந்தச் செய்தியும் வெறும் கட்டுக்கதை அல்ல. எனவே அதில் உண்மை எவ்வளவு, நமக்கு ஆகிறது எவ்வளவு என்று இந்த இதழில் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு பழைய சங்கதி. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் 1901-ஆம் ஆண்டு, ஐம்பத்தொரு வயதான அகஸ்தே என்ற பெண்மணியை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் வெளிப்பட்ட அடையாளம் என்ன தெரியுமா? புருஷன் மேல் காரணமில்லாத சந்தேகம்! மறதியும் தடுமாற்றமும் தொடர்ந்து வந்தன. அவரைக் கவனித்த டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர், 1906-இல் அந்த அம்மாள் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, அதில் அழுக்குத் திட்டுகள் போலப் படிந்திருந்ததைக் கண்டு எழுதினார். அவர் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். ஆகவே சந்தேகமும் கோபமும் ‘மாமியார் குணம்’ அல்ல. நோயின் ஒரு அங்கம். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

சரி, சுண்டெலி எங்கே வந்தது? சுண்டெலிக்கு இந்த நோய் தானாக வருவதில்லை. இந்த நோயை உண்டாக்கும் மனித மரபணுவை எலியின் கருவிலேயே சேர்த்து, மூளையில் அதே திட்டுகள் படியும் எலிகளை 1990-களின் நடுவில் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். சுண்டெலியின் ஆயுள் சுமார் இரண்டு வருஷம்தான். மனிதருக்கு இருபது வருஷத்தில் நடப்பதை அதில் சில மாதங்களில் பார்த்துவிடலாம்.

எலியிடம் “இன்று என்ன கிழமை?” என்று கேட்க முடியாதே! அதனால் அதன் நடத்தையைப் பார்க்கிறார்கள். ஒரு தொட்டியில் கலங்கிய தண்ணீர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சின்ன மேடை. நல்ல எலி நாலு நாள் நீந்தினால் மேடை எங்கே என்று கற்றுக்கொண்டுவிடும். நோயுள்ள எலி சுற்றிச் சுற்றி நீந்தும். ரிச்சர்ட் மோரிஸ் என்பவர் 1981-இல் வெளியிட்ட முறை இது. இது மறதிக்கான சோதனை.

எனக்குப் பிடித்தது கூடு கட்டும் சோதனைதான். சாயங்காலம் கூண்டில் ஒரு துண்டு அமுக்கிய பஞ்சைப் போட்டுவிட்டு, காலையில் வந்து பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். நல்ல எலி பஞ்சைப் பிய்த்து, கிண்ணம் போல அழகாகக் கூடு கட்டியிருக்கும். நோயுள்ள எலிகளில் பல, பஞ்சைச் சரியாகத் தொட்டிருக்காது. வாசலில் புள்ளி வைத்து இருபது வரிசைக் கோலம் போட்ட அம்மாள், ஒரு நாள் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறாளே, அது போலத்தான். சோம்பல் இல்லை, செய்யும் வகை மூளையிலிருந்து நழுவுகிறது.

இன்னும் சில உண்டு. இந்த வகை எலிகளில் சிலவற்றின் கூண்டில் புது எலியை விட்டால், சாதாரண எலிகளைவிடச் சீக்கிரம் பாய்ந்து கடிக்கின்றன. சிலவற்றுக்குத் தூக்கமும் விழிப்பும் தாறுமாறாகிவிடுகின்றன. திட்டுவதற்கு மருமகள் இல்லை, சொத்துத் தகராறு இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது, தூக்கம் போகிறது! இது மூளையின் கோளாறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது அமுக்கராவுக்கு வருவோம். ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் விஜயலக்ஷ்மி ரவீந்திரநாத் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் செய்த ஆராய்ச்சி 2012-இல் வெளியானது. அமுக்கரா கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த சத்தை நோயுள்ள எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். வழி கண்டுபிடிக்கும் சோதனையில் எலிகள் தேறின. மூளையில் திட்டுகளும் குறைந்தன. வியப்பு என்னவென்றால், மருந்து முதலில் வேலை செய்தது ஈரலில். மூளையிலிருந்து ரத்தத்தில் இறங்கிய கழிவை ஈரல் வேகமாக இழுத்து அகற்றியதாக அவர்கள் கண்டார்கள்.

பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் எலிக்குக் கொடுத்தது ஆய்வுக்கூடத்தில் பிரித்து அளந்த சத்து. கடைப் பொட்டலம் அல்ல. அமுக்கரா சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எழுபது வயதில் இவற்றில் ஒன்றாவது இல்லாதவர் யார்?

எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிக்கும் என்பதும் இல்லை. 1999-இல் ஒரு தடுப்பூசி எலிகளின் மூளையில் திட்டுகளை வெகு அழகாகத் தடுத்தது. மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது, சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளை வீக்கக் காய்ச்சல் கண்டு, 2002-இல் நிறுத்தும்படி ஆயிற்று. எலி வழியைக் காட்டும். அந்த வழியில் நம் வீட்டுப் பெரியவர்களை நாமே தள்ளிவிடக் கூடாது. அந்த மருமகளிடம் இதைத்தான் சொன்னேன். பொட்டலத்தை மறுபடி முடிந்துகொண்டு, “அப்ப நான் என்னதான்க்கா செய்ய?” என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் கெடுதல் இவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரி செய்ய முடியும். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று பிதற்றினால் தாமதிக்கவே கூடாது. சிறுநீரில் கிருமி, காய்ச்சல், நீர் வற்றுதல் காரணமாக இருக்கலாம்.

சாவியைக் காணோம் என்றால், “நான் எடுக்கலை” என்று வாதாடாதீர்கள். “வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடலாம்” என்று கூடத் தேடுங்கள். பழைய சாவிகளைக் கோத்து அதே மாதிரி ஒரு கொத்து தயாராக வைத்திருந்தால் பாதிச் சண்டை தீரும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் நோயைப் பற்றி முன்னாலேயே சொல்லி வையுங்கள். வாசல் தாண்டிப் போய்விட்டாலும் அழைத்து வந்துவிடுவார்கள்.

தூக்கத்துக்கு: விழித்திருக்கும்போது மூளையில் அந்தக் கழிவு கூடுகிறது, தூங்கும்போது குறைகிறது என்று 2009-இல் எலிகளில் கண்டார்கள். காலை வெயிலில் கொஞ்ச நேரம் நடக்க வையுங்கள். பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம். மதியத்துக்கு மேல் காப்பியை நிறுத்துங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். நிழல்கள்தான் அவர்களை மிரட்டுகின்றன. மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயாளிகளை அடக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளால் பக்கவாத ஆபத்து உண்டு.

கைக்கு வேலை கொடுங்கள். பூ கட்டுவது, அவரை உரிப்பது, துணி மடிப்பது. சுற்றி ஓட விளையாட்டுப் பொருள்களும் கூட்டாளிகளும் கிடைத்த நோயெலிகளின் மூளையில் திட்டுகள் குறைந்ததாக 2005-இல் சிகாகோவில் ஓர் ஆராய்ச்சி சொன்னது. மனிதரில் அந்த அளவுக்கு நடக்குமோ இல்லையோ, கை வேலையாக இருக்கும்போது மனம் அமைதிப்படுவதை நீங்களே பார்க்கலாம்.

கடைசியாக, உங்களையும் கவனியுங்கள். இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த வகை நோய்கள் இருப்பதாக 2023-இல் வெளியான கணக்கு சொல்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். பார்த்துக்கொள்பவளும் பெரும்பாலும் பெண்தான். வாரத்தில் ஒரு நாளாவது கணவரோ நாத்தனாரோ பொறுப்பேற்கட்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567-ஐயும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், கண் பார்வை இவற்றை நடுவயதிலேயே கவனித்துக்கொண்டால், பிற்காலத்தில் இந்த நோய் நம்மை அண்டும் வாய்ப்பும் குறைகிறது. அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போகும் அன்றைக்கே உங்கள் பிரஷரையும் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்களேன்!