வாலில் சிக்கும் யானைகள்

யானை வாசலைக் கடந்துவிட்டதாம், வால் மட்டும் சிக்கிக்கொண்டதாம் என்றொரு பேச்சு நம்மவரிடையே உண்டு. டெஸ்ட் கிரிக்கெட்டை ஒழுங்காகப் பார்த்து வருபவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. உலகத்தரம் வாய்ந்த முதல் ஆறு துடுப்பாட்ட வீரர்களை மதிய போசனத்திற்கு முன்னரே வெளியேற்றிவிடும் பந்துவீச்சாளர்கள், ஒன்பதாம், பத்தாம் இலக்கங்களில் வருபவர்களைப் பெயர்க்க முடியாமல் தேநீர் இடைவேளைவரை வியர்த்து நிற்கிறார்கள். பத்திரிகைக் காரியாலயங்களில் எட்டாவது விக்கெட் விழுந்ததும் விளையாட்டுப் பக்கத்தின் தலைப்பை எழுதி வைத்துவிடும் வழக்கம் ஒன்றிருந்தது. அந்தத் தலைப்புகளில் எத்தனை குப்பைக்கூடைக்குப் போயின என்பதை அருகிலிருந்து கண்டவன் நான்.

இது ஏன் நிகழ்கின்றது? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, பின்வரிசை வீரர்கள் முன்னைப்போல் அல்லர் என்பதாகும். அதில் உண்மையில்லாமலில்லை. இந்தியாவின் பகவத் சந்திரசேகர் டெஸ்ட் போட்டிகளில் 242 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; அவர் மொத்தமாகப் பெற்ற ஓட்டங்களோ 167. நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டினுக்கு 233 விக்கெட்டுகள், 123 ஓட்டங்கள். அத்தகையோரை இன்று தேடினாலும் காண்பது அரிது. தலைக்கவசம் வந்தது. வலைப்பயிற்சியில் பந்துவீச்சாளர்களுக்கும் துடுப்பு கொடுக்கப்பட்டது. 2012இல் எஜ்பஸ்டனில் ரினோ பெஸ்ட் 95 ஓட்டங்கள் பெற்றார். மறு ஆண்டே ரென்ட் பிரிட்ஜில் தமது முதலாவது டெஸ்டில் ஆடிய அஷ்டன் ஏகார் 98 ஓட்டங்கள் பெற்றார். இருவரும் ஆடியது 11ஆம் இலக்கத்தில்.

எனினும் இந்த விடை எனக்குப் போதுமானதாகப் படவில்லை. பின்வரிசையின் திறமை கூடியது பாதிக் காரணமென்றால், மீதிப் பாதி எதிரணித் தலைவரின் மூளைக்குள் இருக்கிறது என்பதே என் கருத்து.

நமது அணி சம்பந்தப்பட்ட ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 ஜூனில் லீட்ஸ் ஹெடிங்லி மைதானத்தில் இங்கிலாந்து முதல் இனிங்ஸில் 108 ஓட்டங்கள் முன்னிலை பெற்றிருந்தது. இரண்டாவது இனிங்ஸில் இலங்கையின் ஏழாவது விக்கெட் 277இல் விழுந்தபோது நமது முன்னிலை 169 மட்டுமே. அணித் தலைவர் அஞ்சலோ மத்யூஸுடன் சேர்ந்துகொண்டவர் ரங்கன ஹேரத். இருவரும் எட்டாவது விக்கெட்டுக்காக 149 ஓட்டங்களைச் சேர்த்தனர். மத்யூஸ் 160, ஹேரத் 48.

அன்று அலஸ்ரெயார் குக் செய்தது என்ன? மத்யூஸ் பந்தை எதிர்கொள்ளும்போது களத்தடுப்பாளர்களை எல்லைக் கோட்டுக்கு அனுப்பினார். ஓர் ஓட்டத்தைத் தாராளமாகக் கொடுத்தார். ஹேரத் எதிர்முனைக்கு வந்தால் அவரை வீழ்த்திவிடலாம் என்பது கணக்கு. இந்தக் கணக்கு ஏறத்தாழ எல்லா அணித் தலைவர்களும் போடுகின்ற கணக்குத்தான். ஆனால் அதன் உள்ளே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஓர் ஓவரில் ஆறு பந்துகள். நிலைத்துவிட்ட வீரருக்கு முதல் நான்கு பந்துகளைக் களத்தடுப்பைப் பரப்பி வீசுகிறீர்கள். அந்த நான்கு பந்துகளிலும் அவரை ஆட்டமிழக்கச் செய்யும் எண்ணம் பந்துவீச்சாளருக்கு இல்லை, ஸ்லிப்பில் ஆளில்லை, விளிம்பில் பட்டாலும் பிடியெடுக்க ஒருவருமில்லை. ஐந்தாவது, ஆறாவது பந்துகளுக்குக் களத்தடுப்பாளர்களை உள்ளே அழைக்கிறீர்கள். அவர் மேலால் தூக்கி அடிக்கிறார், அல்லது எப்படியோ ஓர் ஓட்டத்தைத் திருடிக்கொண்டு அடுத்த ஓவருக்கும் போய்விடுகிறார். ஆக, இருபது ஓவர்கள் வீசியிருந்தும் உண்மையில் விக்கெட்டுக்காக வீசப்பட்டவை ஆறேழு ஓவர்கள்தாம். மீதிப் பந்துகளில் ஒரு வீரருக்கு இலவசமாக ஓட்டம் கிடைக்கிறது, மற்றவருக்கு நம்பிக்கை வளர்கிறது.

இதைவிட இன்னொன்றையும் கவனிக்கலாம். எதிரணித் தலைவரே அஞ்சிக் களத்தடுப்பைப் பரப்புவதைக் காணும் பத்தாம் இலக்க வீரர் என்ன நினைப்பார்? ஆட்டம் தம் பக்கம் திரும்பிவிட்டது என்றுதானே நினைப்பார்.

2019 பெப்ரவரியில் டேர்பனில் நிகழ்ந்ததை இலங்கையர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வெற்றிக்கு 304 தேவை. ஒன்பதாவது விக்கெட் 226இல் விழுந்தது. குசல் பெரேராவுடன் சேர்ந்த விஷ்வ பெர்னாண்டோ கடைசி ஆள். அவ்விருவரும் பிரிக்கப்படாமல் 78 ஓட்டங்களைச் சேர்த்து வென்றனர். குசல் 153, விஷ்வவின் பங்கு 6. டேல் ஸ்டெயினும் ககிசோ றபாடாவும் அடங்கிய ஒரு பந்துவீச்சு வரிசை விஷ்வவுக்கு வீச முடிந்த பந்துகள் 27 மாத்திரமே. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் ஹெடிங்லியில் பென் ஸ்டோக்ஸ் ஆடியபோது ஜாக் லீச் சந்தித்த பந்துகள் 17; பெற்ற ஓட்டம் 1. அவுஸ்திரேலியர் அங்கு இன்னொரு விலையும் கொடுத்தனர். லீச்சை எப்படியாவது வெளியேற்றிவிடும் அவசரத்தில், பட் கமின்ஸின் பந்தொன்றுக்காக எஞ்சியிருந்த மீளாய்வு வாய்ப்பையும் வீணடித்தனர். அடுத்த ஓவரில் நேதன் லயன் வீசிய பந்து ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தவில்லை. பந்து விக்கெட்டைத் தாக்கியிருக்கும் எனப் பின்னர் தொலைக்காட்சி காட்டியது, ஆனால் கேட்பதற்கு அவர்களிடம் மீளாய்வு இருக்கவில்லை. பதினொராம் இலக்க வீரரைப் பார்த்துக் கொண்ட பதற்றம், உண்மையான எதிரியைத் தப்பவிட்டது.

குக்குக்கோ டு பிளெசிக்கோ நான் அநியாயம் செய்ய விரும்பவில்லை. இருபது முப்பது ஓட்டங்களே தேவையென்ற நிலையில் இரண்டு நான்குகளே ஆட்டத்தை முடித்துவிடும். அப்போது எல்லைக் கோட்டைக் காப்பதில் நியாயம் உண்டு. 78 ஓட்டங்கள் இருக்கும்போது, அல்லது முன்னிலை 169 ஆக இருக்கும்போது, அது நியாயமன்று.

பந்தின் வயதும் ஒரு காரணம்தான். பின்வரிசை வரும்போது பந்து அறுபது எழுபது ஓவர் பழையதாகி மென்மையடைந்திருக்கும். எண்பதாவது ஓவரில் புதிய பந்து கிடைக்கும்வரை, களைத்த வேகப்பந்து வீச்சாளர்களை ஓய்வெடுக்க விடுகிறார்கள். அதுவரை ஒப்புக்கு ஓவர்கள் நகர்கின்றன. அதற்குள் இணைப்பாட்டம் ஐம்பதைக் கடந்துவிடுகின்றது.

எனக்கு மிகவும் உறுத்துவது பவுன்சர் விவகாரம். ஆரம்ப வீரர்களை வீழ்த்திய பந்து எது? ஓஃப் ஸ்டம்பை ஒட்டி நல்ல நீளத்தில் விழுந்து சற்றே விலகிய பந்து. எட்டாம் இலக்கத்தவர் வந்ததும் அந்தப் பந்தை மறந்துவிட்டு அவருடைய தலையைக் குறிவைக்கிறார்கள். 2021 ஓகஸ்ட்டில் லோர்ட்ஸில் இதன் உச்சத்தைக் கண்டோம். மூன்றாம் நாள் மாலை ஜஸ்பிரித் பும்ரா ஜேம்ஸ் அண்டர்சனுக்குச் சரமாரியாகப் பவுன்சர்கள் வீசியிருந்தார். கடைசி நாளில் பும்ரா துடுப்பெடுத்தாட வந்தபோது இங்கிலாந்து பழிதீர்க்கப் புறப்பட்டது. இந்தியா அப்போது 8 விக்கெட்டுக்கு 209, முன்னிலை 182. பும்ராவும் மொஹமட் ஷமியும் பிரிக்கப்படாமல் 89 ஓட்டங்கள் சேர்த்தனர். 272ஐத் துரத்திய இங்கிலாந்து 120க்குச் சுருண்டு 151 ஓட்டங்களால் தோற்றது. கோபம் வந்தவுடன் ஸ்டம்புகள் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பது பந்துவீச்சாளருக்கு மறந்துபோகிறது.

தோல்வியோடு முடிந்தால் பரவாயில்லை. 1975 பெப்ரவரியில் ஒக்லாந்தில் நியூசிலாந்தின் கடைசி இணை இங்கிலாந்தின் வெற்றியைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. பதினொராம் இலக்கத்தவரான இவென் சற்பீல்ட் தமது முதலாவது டெஸ்டை ஆடிக்கொண்டிருந்தார். தலைக்கவசம் இல்லாத காலம். பீற்றர் லீவர் வீசிய குறுகிய பந்து அவருடைய கையுறையில் பட்டு நெற்றிப்பொட்டைத் தாக்கியது. அவர் விழுந்தார், இதயம் நின்றது. இங்கிலாந்து அணியின் உடற்பயிற்சி மருத்துவர் பெர்னார்ட் தோமஸ் ஓடிவந்து உயிர்ப்பித்தார். லீவர் மைதானத்திலேயே கண்ணீர் விட்டழுதார். கடைசி விக்கெட்டுக்காகப் பொறுமை இழப்பது என்பது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தலைக்கவசம் இருக்கின்றதே என்று சொல்பவர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

அப்படியானால் வாலை எப்படி அறுப்பது? முரளிதரனைக் குறைகூறுவோர், அவருடைய விக்கெட்டுகளில் பல பின்வரிசைக்குரியவை என்று ஏளனமாகச் சொல்வதுண்டு. எனக்கு அது பாராட்டாகவே கேட்கிறது. மற்றவர்களால் முடியாததைத்தானே செய்தார்? 2010 ஜூலையில் காலியில் அவருடைய 800ஆவது விக்கெட்டாக அமைந்தவர் இந்தியாவின் கடைசி வீரர் பிரக்யான் ஓஜா. 799இல் நின்றபடி முரளி நெடுநேரம் காத்திருந்தார். ஓய்வு பெறப்போகும் மனிதர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, எதிரே இஷாந்த் சர்மாவும் ஓஜாவும் கட்டை போடுகிறார்கள். அவர் தமது நீளத்தையும் திசையையும் மாற்றவில்லை. துடுப்பைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், ஸ்லிப்பில் மஹேல நின்றார். பிடி அங்கேதான் போனது.

மாலிங்க 2007 உலகக் கிண்ணத்தில் தென் ஆபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு பேரை வெளியேற்றியதும் ஸ்டம்புகளை நோக்கி வீசியே. அதே மாலிங்க மூன்று ஆண்டுகளின் பின் மெல்பேர்ணில் 8 விக்கெட்டுக்கு 107 என்றிருந்த அணியை மத்யூஸுடன் சேர்ந்து 132 ஓட்ட இணைப்பாட்டத்தால் மீட்டெடுத்தபோது, அவுஸ்திரேலியரிடம் அத்தகைய யோர்க்கர் இருக்கவில்லை. வாலை அறுக்கத் தெரிந்தவனே வாலாக நின்றும் ஆடினான்.

லீட்ஸ் ஆட்டத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடைசி நாளில் மத்யூஸுக்கே அதே சோதனை வந்தது. மொயின் அலி சதமடித்து நிற்க, அண்டர்சன் ஓர் ஓட்டமும் பெறாமல் 55 பந்துகளைத் தடுத்தாடினார். மத்யூஸ் ஓட்டங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை என்பது உண்மை. ஆகவே ஆட்களைத் துடுப்பருகே நிறுத்தினார். ஆட்டத்தில் இரண்டு பந்துகள் எஞ்சியிருந்தபோது ஷமிந்த எரங்க வீசியது, நான் இவ்வளவு நேரமும் குறைகூறிய அந்தக் குறுகிய பந்தே. ஒரு வித்தியாசம் இருந்தது: அது எதிர்பாராத பந்து, பிடியெடுக்க அருகே ஆளும் இருந்தது. அண்டர்சன் தட்டிவிட முயன்றார். பந்தைப் பிடித்தவர் ரங்கன ஹேரத்.