ஓயாக்கரைத் தூண்டில்காரரும் மீன் காக்கும் சட்டமும்

மழை விட்டு ஆறு தெளியத் தொடங்கும் நாட்களில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். தூண்டில் எடுத்துக்கொண்டு ஓயாவுக்குப் போனால் பொலிஸ் கேஸ் போடுமா? போடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஆறு பொதுச்சொத்து, அதில் யார் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை என்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் தவறு. இந்தக் குழப்பத்தால், மண்புழு கோத்து ஒருநேரக் கறிக்கு மீன் தேடும் பால்வெட்டுத் தொழிலாளி பயந்து ஒதுங்குகிறார். இரவில் மருந்து கலக்குகிறவனோ பயமின்றி இறங்குகிறான்.

முதலில் சட்டம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் கடலோடு நின்றுவிடுவதில்லை. பொது ஆறுகள், ஓடைகள், குளங்கள், கால்வாய்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். அதன் 27ஆம் பிரிவு, நஞ்சு, வெடிமருந்து, மீனை மயக்கும் பொருள் எதையும் கொண்டு மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. டைனமைட்டைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. அந்த நோக்கத்தோடு அவற்றைக் கையில் வைத்திருந்தாலும் குற்றம்தான். மண்புழு கோத்த கொக்கியை இந்தப் பிரிவு தொடவில்லை.

அடுத்தது, 1937இல் பிறந்த வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். யானைக்கும் சிறுத்தைக்கும் மட்டுமே உரியது என்று பலரும் எண்ணும் இந்தச் சட்டத்தில், 1993இல் செய்த திருத்தம் நன்னீர் மீன்கள் சிலவற்றையும் பாதுகாக்கப்பட்ட உயிர்களாகச் சேர்த்தது. பந்துல கெண்டை, களனி கங்கையின் மேற்பகுதியில் கித்துள்கல பக்கம் வாழும் அசோக கெண்டை போன்றவை அதில் வருகின்றன. இவற்றைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது. இதே சட்டம் இடத்தையும் பார்க்கிறது. சிவனொளிபாத மலையைச் சுற்றியுள்ள காப்புக் காட்டுக்குள்ளும் உடவளவை தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றி மீன் பிடிக்க முடியாது. 1988இல் தேசிய மரபுரிமை வனமாகவும் உலக மரபுரிமைத் தலமாகவும் அறிவிக்கப்பட்ட சிங்கராஜாவுக்குத் தனிக் காப்புச் சட்டமே இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியது எப்படிப் பிடிக்கிறோம், எதைப் பிடிக்கிறோம், எங்கே பிடிக்கிறோம் என்ற மூன்றும்தான். சமனலவெவ போன்ற நீர்த்தேக்கங்களில் வலை போடுகிறவர்களுக்குக் கண்ணி 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும் சேரும். லயத்துப் பிள்ளைகளின் தூண்டிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிடிக்கும் விதத்தில் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது ஏன் என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. நீரில் மேலெழும்பவும் ஒரே ஆழத்தில் நிற்கவும் மீனுக்கு உதவுவது அதுதான். வெடி போட்டால் நீரில் பரவும் அழுத்தம் அந்தப் பையைக் கிழித்துவிடும். மிதந்து வருவதைத்தான் வெடி போட்டவர் அள்ளுகிறார். அடியில் அமிழ்ந்து கற்களுக்கிடையில் சிக்கிச் சாவது அவர் கண்ணில் படுவதில்லை. மின்சாரம் பாய்ச்சினால் மீனின் தசை இழுத்துக்கொண்டு முதுகெலும்பே முறிவதுண்டு. மருந்து போடுவது எல்லாவற்றிலும் மோசம். மருக்காரைக் காயை இடித்துக் கலக்கிய காலத்தில் அதன் வேகம் கொஞ்ச தூரத்தோடு அடங்கிவிடும். இன்று கைக்கெட்டுவது பூச்சிகொல்லிப் போத்தல். மீனுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பானை இலங்கை 1998இல் தடைசெய்தது உண்மைதான். ஆனாலும் வயலிலும் மலையிலும் புழங்கும் மற்ற மருந்துகளில் மீனுக்கு ஆகாதவை பல. அவை முட்டையையும் குஞ்சையும் மீன் தின்னும் நீர்ப்பூச்சியையும் இறாலையும் சேர்த்தே கொல்கின்றன. அந்த மீன் வீட்டுக்கு வந்து சட்டியில் ஏறிப் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகிறது.

சபரகமுவ ஓயாக்களுக்கு இன்னுமொரு இயல்பு உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும்போது ஓட்டம் மெலிந்து, பாறைகளுக்கிடையிலுள்ள மடுக்களில் மீன்கள் ஒதுங்கும். அப்போது ஒரு மடுவில் ஊற்றும் ஒரு போத்தல் அந்தத் துண்டு ஓயாவின் வித்துமீன்களை முழுக்க அழித்துவிடும். அடுத்த மழைக்கு இனம் பெருக்க எதுவும் மிஞ்சாது. தூண்டிலால் இப்படியொரு அழிவு வராது.

மழை தொடங்கும்போது நடப்பது ஒன்றைப் பற்றி, தூண்டில்காரர்கள் பக்கம் நிற்கும் நாமும் பேசாமல் இருக்கக் கூடாது. புதுவெள்ளத்தில் கெண்டைகள் முட்டையோடு எதிர்நீச்சலில் ஏறும். குறுகலான இடம் பார்த்துக் கூடையும் சிறுகண்ணி வலையும் வைத்து மூட்டையாக அள்ளுவது பல ஊர்களில் கொண்டாட்டம் போல நடக்கிறது. ஆறு கொடுத்தால் எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். அந்தச் சில நாட்கள் கையை மடக்கிக்கொண்டால் வருடம் முழுவதும் தூண்டிலுக்கு மீன் இருக்கும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தோட்டத்து இளைஞர் மன்றம் முடிவெடுத்தால் போதும்.

ஒரு மீனினம் எவ்வளவு சிறிய இடத்தில் தொங்கிக்கொண்டிருக்க முடியும் என்பதற்குக் கேகாலை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கலபிட்டமட பக்கத்துச் சிற்றோடை ஒன்றில் வாழும் சின்னஞ்சிறு மீனை மொரிஸ் கொட்டலாட்டும் ரொஹான் பெத்தியகொடவும் 1991இல் புதிய இனமாக அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். அதுதான் பந்துல கெண்டை. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஓடையை விட்டால் இயற்கையாக வேறெங்கும் அது கண்டுபிடிக்கப்படவில்லை. ஓடை காப்புக் காட்டுக்குள் இல்லை. வயல், றப்பர், வீட்டுத்தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. ஒரு கட்டத்தில் சில நூறு மீன்களே எஞ்சியிருந்தன. பின்னர் இயற்கைப் பாதுகாப்புக்கான ஐ.யு.சி.என். அமைப்பும் அரசின் சுற்றாடல் துறையும் ஊர்மக்களையே காவலாக வைத்து ஓடைக்கரையைச் சீர்ப்படுத்தியதில் எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

இந்த மீனைக் குறைத்தது தூண்டில் இல்லை. வண்ணமீன் வியாபாரத்துக்காக வலையோடு வந்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. மற்றது கரையில் நடந்தது: வயலுக்கு அடித்த மருந்து, நிழல் மரம் வெட்டப்பட்டது, கரை சரிந்து கல்லடி மண்ணால் மூடியது. மீனைப் பிடிக்காதே என்று பட்டியலில் எழுதிவிட்டால் மீன் பிழைத்துவிடாது என்பது அந்த ஓடையில் தெரிந்தது. ஊர்மக்களின் கண் அங்கே இருந்ததால்தான் அது பிழைத்தது.

இங்கேதான் தூண்டில்காரர்களின் மனக்குறை வருகிறது. நாலு கெண்டை பிடித்தவனை விசாரிக்கிறீர்களே, ஆற்றையே கொல்கிறவர்களை யார் விசாரிப்பது என்கிறார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரத்தினபுரியில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கப் பரலைக் கழுவிய சேறு இறங்கும்போது ஓயா கலங்குகிறது. மீன் முட்டையிடும் பரல்மண் அதில் மூடிப்போகிறது. உரிமத்தோடு குழி தோண்டி, முடிந்ததும் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்றுப் படுக்கையிலேயே இயந்திரத்தை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேகாலைப் பக்கம் றப்பர்ப் பாலை அமிலம் விட்டு உறையவைத்த பிறகு மிஞ்சும் புளித்த நீர், சுத்திகரிக்காமல் விட்டால் ஆற்றிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். அதற்காகத்தான் தொழிற்சாலைகள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டியிருக்கிறது. களைகொல்லியான கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் மலையில் அடித்தது மழையோடு எங்கே இறங்குகிறது என்பது தண்ணீர்க்கரையில் நிற்கிறவருக்குத் தெரியும்.

1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு பெருகிய சிறு நீர்மின் நிலையங்களின் கதை வேறு. அவை புகை விடுவதில்லை, நஞ்சு ஊற்றுவதில்லை. ஆனால் குறுக்கணை கட்டி நீரைக் குழாயில் திருப்பும்போது அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓயா காய்ந்துவிடுகிறது. குறைந்தபட்ச ஓட்டமாவது விட வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைதான். வறட்சி நாளில் அது விடப்படுகிறதா என்பதைக் கொழும்பிலிருந்து பார்க்க முடியாது. அணை இன்னொரு கேடும் செய்கிறது. நம் விலாங்கு மீன் கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி மலையடிவாரம் வரை வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகும். வயிற்றிலுள்ள ஒட்டுறுப்பால் பாறையைப் பற்றி அருவி ஏறும் சிறு மீன்களின் குஞ்சுகளும் கடலுக்குப் போய்த் திரும்புகிறவைதான். வழியில் ஏறமுடியாத சுவர் நின்றால் மேலே உள்ள ஓயாவுக்கு அவை வந்துசேராது. விலாங்கு இப்போது படுவதில்லை என்று ஒரு தூண்டில்காரர் சொன்னால், வழி அடைபட்டிருக்கலாம் என்ற முதல் செய்தி அதுதான்.

அந்தச் செய்திக்கு மதிப்புண்டு என்பதற்குக் காவிரி சாட்சி. கர்நாடகக் காட்டுப்பகுதியில் காவிரியின் ஒரு பகுதியைத் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் 1970களில் குத்தகைக்கு எடுத்து, பிடித்த மஹசீர் மீனை உயிரோடு திரும்ப விடும் முறையில் தூண்டில் முகாம்களுக்கு வழிசெய்தது. பழைய வெடிகாரர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். பின்னர், காப்பகத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற நிலைப்பாடு வலுத்து, 2012க்குள் அது முடிவுக்கு வந்தது. காப்பகத்தின் நோக்கத்தை மதிக்கிறவர் அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் காவலர்களும் அதோடு கரையை விட்டுப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த முகாம்களில் யார் எத்தனை மணிநேரம் தூண்டில் போட்டார், என்ன பட்டது, எடை என்ன என்று எழுதிவைத்த பதிவேடுகள் இருந்தன. 1998 முதல் 2012 வரையான அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் புரட்டியபோது, மஹசீர் மொத்தத்தில் பெருகியிருந்தாலும் காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் வேகமாக மறைந்துகொண்டிருந்தது தெரிந்தது. இடத்தைப் பிடித்தது, நல்ல எண்ணத்தோடு வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறொரு மஹசீர். கூன்முதுகு மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். பெயர் உறுதியாகுமுன்பே அது அழிகிறது என்று காட்டியவை தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகங்கள்.

இலங்கைக்கும் இது பொருந்தும். இங்கே ஏறத்தாழ 90 நன்னீர் மீனினங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. அவற்றோடு வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் தூண்டில் விளையாட்டுக்காக 1880களில் மலைநாட்டு நீரில் விட்ட டிரவுட், 1952இல் வந்த திலாப்பியா, பிறகு கண்ணாடித் தொட்டிகளிலிருந்து ஆற்றில் கொட்டப்பட்ட டேங்க் கிளீனர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1990 முதல் 1994 வரை, உயிர்க்கொலைக்கு எதிரான மத உணர்வை மதித்து, உள்நாட்டு மீன்வளத்துக்கு அரசு கொடுத்த ஆதரவு நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கிய பிறகு, 1999 முதல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை நீர்த்தேக்கங்களில் குஞ்சு விடும் வேலையைப் பார்க்கிறது. நீர்த்தேக்கத்தில் திலாப்பியா மலிவான உணவு, அதை நாம் எதிர்க்கவில்லை. மலையோடையில் எந்த அந்நிய மீனையும் விடக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு. குருநாகல் மாவட்டத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அந்நிய இராட்சத விரால் பெருகி மீனவரைத் திணறடித்தபோது, 2025 தொடக்கத்தில் அதைப் பிடிக்கத் தூண்டில் போட்டியொன்றையே ஏற்பாடு செய்தார்கள். ஆபத்து முற்றிய பிறகு அழைக்கும் தூண்டில்காரரை முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

எனவே கேட்பது இதுதான். ஓயாவோரத் தோட்டங்களில் மீன் பதிவேடு ஒன்று தொடங்கட்டும். என்ன மீன் பட்டது, எப்போது, எந்த மடுவில், தண்ணீர் எப்படி இருந்தது என்ற நாலு வரி போதும். அதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வைக்க வழி வேண்டும். ஆற்றோரத் தடை அறிவிப்புகளைத் தமிழிலும் எழுத வேண்டும். 1987 முதல் அரச கரும மொழியாக இருக்கும் மொழியில் எழுதாத தடையை மீறினான் என்று ஒருவனைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

எல்லாவற்றையும் விட அவசரமான ஒன்று. பெரிய திட்டங்களுக்கு முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும். சிறு நீர்மின் திட்டங்கள் பெரும்பாலும் ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையோடு முடிந்துவிடும், அதற்கு தேசிய சுற்றாடல் சட்டத்தின் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த 30 நாள் கட்டாயமில்லை. அதே 30 நாட்களை இவற்றுக்கும் கொடுங்கள். அறிக்கையின் தமிழ்ப் பிரதி பிரதேச செயலகத்தில் மட்டுமன்றி, அணை வரப்போகும் ஓயாவின் மேலும் கீழும் உள்ள தோட்டங்களின் பிரட்டுக்களத்திலும் வைக்கப்பட வேண்டும்.