"பார்த்துப் போகக்கூடாதா?" என்று கேட்காதீர்கள்

சாலையிலோ ரயில் பாதையிலோ யாராவது அடிபட்டால் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "பார்த்துப் போகக்கூடாதா?" என்பதுதான். பலர் பார்த்துத்தான் போகிறார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நம் கண் ஸ்பீடாமீட்டர் அல்ல. அது வேகத்தை அளப்பதில்லை, ஊகிக்கிறது. அந்த ஊகம் சில இடங்களில் எப்போதும் ஒரே மாதிரி தவறாகப் போகிறது.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கலாம். இதை நேரில் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நீங்கள் புதிதாக வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரே போதும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் மானிட்டரில் எதுவுமே நகர்வதில்லை. மவுஸ் பாயிண்டர் ஓடுவதாகத் தெரிகிறதே, அது விநாடிக்கு 60 முறை மாற்றிக் காட்டப்படும் அசையாப் படம்தான். ஒரு படத்தில் இங்கே, அடுத்த படத்தில் சற்றுத் தள்ளி. நடுவில் இருக்கும் ஓட்டத்தை நம் மூளைதான் சேர்த்துக்கொள்கிறது. எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் மூளை போடும் கணக்கு.

இந்தக் கணக்கை ஏமாற்றிப் பார்ப்போமா? பவர்பாயிண்ட்டைத் திறந்து வெள்ளை ஸ்லைடு ஒன்றை எடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை 1 செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை வரையுங்கள். கண்ட்ரோல் + டி அழுத்தினால் நகல் வரும். அதை 1 செ.மீ. இடைவெளி விட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிறகு கண்ட்ரோல் + டி அழுத்த அழுத்த அடுத்தடுத்த பட்டைகள் அதே இடைவெளியில் தாமாகவே வந்து உட்காரும். ஸ்லைடு முழுக்க கறுப்பு, வெள்ளை வரிகள் தயார்.

இப்போது இடது ஓரத்தில் 2 செ.மீ. நீளத்தில் வெளிர் மஞ்சள் கட்டம் ஒன்று போடுங்கள். ஓரக்கோடு வேண்டாம். அனிமேஷன்ஸ் பகுதியில் மோஷன் பாத்ஸ், அதில் லைன்ஸ், திசை வலது. பாதையின் முனையைப் பிடித்து ஸ்லைடின் வலது ஓரம்வரை இழுங்கள். நேரம் 15 விநாடி. ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். இதை மறந்தால் சோதனை கெட்டுவிடும். இந்த மஞ்சள் கட்டத்தை நகல் எடுத்து நேர் கீழே வைத்து, நிறத்தை மட்டும் கருநீலமாக மாற்றுங்கள். அதன் தொடக்கத்தை 'வித் ப்ரீவியஸ்' என்று வையுங்கள். லிப்ரே ஆபீஸின் இம்ப்ரஸ் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம், மெனுக்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில்தான் போகின்றன, நீங்களே போட்ட கணக்கு அது. ஆனால் நடந்து போகும் இரு கால்களைப் போல மாறி மாறி அடியெடுத்து வைப்பதாகத் தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். இப்போது பட்டைகளை எல்லாம் நீக்கிவிட்டு ஓடவிடுங்கள். இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்து போகும்!

ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் 2001-இல் காட்டிய வித்தை இது. கருநீலம் கறுப்புப் பட்டை மேல் வரும்போது விளிம்பு மங்கிவிடுகிறது. மங்கிய பொருள் மெதுவாகப் போவதாக மூளை முடிவு செய்கிறது. வெள்ளை மேல் வந்ததும் விளிம்பு பளிச்சென்று தெரிகிறது, உடனே வேகம் கூடியதாகத் தோன்றுகிறது. மஞ்சளுக்கு இதற்கு நேர்மாறு.

திசையும் இப்படித்தான். அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். தண்ணீர் திறந்திருக்கும் நாளில் கல்லணைக்குப் போனால், ஷட்டர் வழியே கீழே விழும் நீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுவரைப் பாருங்கள். சுவர் மேல்நோக்கி ஊர்வதாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைப் பார்த்து 1834-இல் எழுதி வைத்தவர் ராபர்ட் ஆடம்ஸ். மூளையில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி செல்கள் உண்டு. கீழ்நோக்கிய ஓட்டத்துக்கான செல்கள் வேலை செய்து சோர்ந்துபோனால், எதிர்த்திசை செல்களின் கை ஓங்கிவிடுகிறது.

வண்டி ஓட்டும்போதும் இந்தச் சோர்வு உண்டு. திருச்சியிலிருந்து நான்குவழிச் சாலையில் 90-இல் வந்துவிட்டு, தஞ்சாவூர் ஊருக்குள் திரும்பி 50-இல் போனால் ஊர்வது போல இருக்கும். ஊருக்குள் 50 என்பது ஊர்வது அல்ல.

பனிமூட்டம் இன்னொரு கதை. தை மாதக் காலை, சம்பா அறுவடைக் காலம். நெல் ஏற்றிய டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் ரோட்டில் இருக்கும். போதாததற்குப் பாதிச் சாலையில் நெல் காயும். 1998-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சிமுலேட்டரில் ஓட்டியவர்கள் மூட்டம் கூடக்கூட வேகமாக ஓட்டினார்கள். காட்சி மங்கியதால் தாங்கள் மெதுவாகப் போவதாக நினைத்துவிட்டார்கள். 2012-இல் வேறொரு குழு செய்து பார்த்தது. முடிவு தலைகீழ்! ஓட்டியவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். வித்தியாசம் என்ன தெரியுமா? முதல் சிமுலேட்டரில் திரை முழுவதும் ஒரே அளவு மங்கல். இரண்டாவதில், நிஜ மூட்டம் போல, தூரம் கூடக்கூட மங்கலும் கூடியது. அதாவது புரோகிராமர் மூட்டத்தை எப்படி வரைந்தார் என்பதே முடிவை மாற்றிவிட்டது. சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. மூட்டத்தில் உங்கள் வேகத்தை அறிய ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள், உள்ளுணர்வு வேண்டாம்.

இனி ரயில். எஞ்சின் முகப்பு சுமார் 3 மீட்டர் அகலம். 90 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். பாதை ஓரமாக நின்று எதிரே வரும் ரயிலைப் பார்ப்பதை, 60 செ.மீ. தள்ளி இருக்கும் மானிட்டரில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் தூரத்தில் எஞ்சினின் படம் திரையில் 3.6 மி.மீ. இருக்கும். 10 விநாடி கழித்து, 250 மீட்டரில், 7.2 மி.மீ. பத்து விநாடியில் 3.6 மி.மீ.தான் வளர்ந்திருக்கிறது. கண் இதை 'நிற்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். 50 மீட்டரில் 36 மி.மீ., அடுத்த ஒரே விநாடியில் 72 மி.மீ. 'ஐயோ வேகமாக வருகிறதே' என்று தெரியும்போது மிச்சம் இருப்பது ஒரு விநாடி. ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்துப் பாருங்கள், புரியும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பெரிய உருவம் மெதுவாகப் போவதாகத் தோன்றும் என்று ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985-இல் எழுதினார். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தினர் கம்ப்யூட்டர் காட்சிகளை வைத்து 2013-இல் சோதித்தார்கள். ஒரே வேகத்தில் வந்தாலும், கார் ரயிலைவிட வேகமாக வருவதாகவே பார்த்தவர்களுக்குத் தோன்றியது. (திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பெரியது மெதுவாகத்தான் வரும் என்ற நினைப்பு இன்னும் பலமாக இருக்குமோ என்னவோ!)

அதனால்தான் 'இருபுறமும் பார்த்துச் செல்லவும்' என்ற பலகையை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக என்னால் ஏற்க முடியவில்லை. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவுகளை 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் 2025 ஜூலை 8-இல் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் கேட் மூடாமல் இருந்தது. பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள். கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழும் என்ற இன்டர்லாக்கிங் ஏற்பாடு இருக்கிறது. புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது ஒற்றை 'இஃப்' வரி. அந்த வரி இல்லாத கேட் எதுவும் பள்ளி வண்டி போகும் வழியில் இருக்கக் கூடாது. ஓட்டுநரின் கண்ணையோ கேட் கீப்பரின் ஞாபகத்தையோ நம்பி அதை விட்டுவைப்பது நியாயம் அல்ல.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் 2011-இல் வந்த ஆய்வின்படி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளால் மணிக்கு சுமார் 32 கி.மீ.க்கு மேல் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. பெரியவர்களுக்கு இந்த எல்லை சுமார் 80 கி.மீ. கவனக்குறைவு என்று பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. ரேஸிங் கேம் விளையாடிப் பழகினால் தெரிந்துவிடும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த கேமில் காட்சியை அகலமாக்கி, ஓரங்களைக் கலைத்துக் காட்டி, வேகம் கூடியது போன்ற உணர்ச்சியை உண்டாக்குகிறார்கள். மூலையில் ஓடும் 200 என்ற எண்ணுக்கும் நெடுஞ்சாலைக்கும் சம்பந்தமில்லை.

நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர்களில் பள்ளிக்கு ஒரு சுரங்க நடைபாதையாவது கேட்டு வாங்க வேண்டும். அது வரும்வரை பெரியவர் துணையோடுதான் பிள்ளை கடக்க வேண்டும். அந்தப் பெரியவரும் வேகத்தைக் கணிக்க வேண்டாம், தூரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு பக்கத்துச் சாலை ஏழெட்டு மீட்டர் இருக்கும். பிள்ளை விநாடிக்கு 1 மீட்டர் நடந்தால் கடக்க 8 விநாடி. 80 கி.மீ.யில் வரும் கார் அதற்குள் சுமார் 180 மீட்டர் வந்துவிடும். எனவே 250 மீட்டர் தள்ளி ஒரு புளியமரமோ மின்கம்பமோ இருந்தால் அதுதான் எல்லை. அதற்கு இப்பால் வண்டி தெரிந்தால், எவ்வளவு மெதுவாக வருவதாகத் தோன்றினாலும், நிற்க வேண்டும். அந்த 250 மீட்டரை மட்டும் கண்ணால் குத்துமதிப்பாகக் குறிக்காமல், நடந்து போய் அளந்துவிட்டு வாருங்கள்.