டாக்டர் சுப்பராயனும் கிரிக்கெட் போர்டும்

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் அவர்கள் யாவர் என நம் கொங்கு நாட்டில் வினவின், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன் மந்திரியாயிருந்தவர் என்பர். நம்முடையதைப் போன்ற மிஷன் கலாசாலையாகிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, சென்னை ஹைக்கோர்ட்டில் வக்கீல் தொழில் புரிந்தவர் எனச் சிலர் அறிவர். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் போர்டின் தலைவராயிருந்ததைக் கூறினாலோ, அஃது ஓர் அலங்காரப் பதவியென நகைக்கின்றனர்.

நாம் அதனை ஒப்போம். அவற்றுட் பெரும்பாலானவை யுத்த ஆண்டுகள். இங்கிலாந்தில் கௌண்டிப் பந்தயங்கள் ஆறாண்டுகள் நின்றுபோயின. இங்கோ ரஞ்சிப் பந்தயம் ஓராண்டேனும் நின்றிலது. ஆட்டந்தானே என்பார், ரயிலும் பணமும் அரிதாயிருந்த அக்காலத்தை எண்ணிப் பார்க்க.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைப்பதற்கில்லை. 1932-ல் ஆலயப் பிரவேச மசோதாவைக் கொணர முன்வந்தவர் அவர். அவர் தலைமைக் காலத்திலேயே பம்பாயில் இந்து, முஸ்லிம், பார்ஸி, ஐரோப்பியர், ஏனையோர் எனப் பிரிந்து பந்தாடினர். 1940-ல் காந்தியடிகள் அதனைக் கண்டித்தார். ரஞ்சிப் பந்தயத்தில் ஆட்டக்காரனின் மதத்தை எவரும் கேட்டதில்லை. அந்நெறி கண்முன்னே இருந்தும், மதவாரிப் பந்தயம் கைவிடப்பட்டது 1946-லேதான்.