சுமை வண்டித் தளத்தைத் துரு தின்ன விடலாமா?

பாகூர், வில்லியனூர் பக்கத்து நெல் மூட்டைகளையும் காய்கறிக் கூடைகளையும் புதுவை நகருக்கு ஏற்றி வந்த மாட்டு வண்டிகளின் வேலையை இன்று சிறு சுமை வண்டிகள் செய்கின்றன. 2005-ல் டாட்டா ஏஸ் வந்த பிறகு, 'குட்டி யானை' இல்லாத கிராமம் அரிது. மாட்டு வண்டியில் பலகை உளுத்தால் தச்சர் ஒரு பலகையை மாற்றிக் கொடுத்துவிடுவார். இரும்புத் தளத்தில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கடன் தவணை முடியுமுன்பே தளம் சல்லடையாகிவிட்டால் வண்டியின் மறுவிற்பனை விலையும் போயிற்று.

புதுவையில் துரு விரைவாகப் பிடிப்பதற்குக் காரணங்கள் பல. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தளத்தின் வரிப் பள்ளங்களில் நீர் தேங்குகிறது. பொட்டாஷ் உரமும் ஒரு குளோரைடு உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தியது ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டிலேயே கிடக்கும். ஈரத் தொழு உரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே ரப்பர் பாய் விரித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. பாய்க்கு அடியில் புகுந்த நீர் காய வழியின்றி அங்கேயே நிற்கும்.

தளத்துக்கென்றே கெட்டியான பூச்சுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. வெளிநாடுகளில் பிக்கப் வண்டிகளுக்குப் பூசுகிற பாலியூரித்தேன் வகை இது. சில வகைகள் ஒரே டப்பாவில் ரப்பர் துகள் கலந்து வரும். சில வகைகளில் பூச்சும் கெட்டிப்படுத்தும் திரவமும் தனித்தனியே வரும். இரண்டு திரவம் கலக்கும் வகை உறுதியானது. ஆனால் கலந்த பின் டப்பாவில் குறித்துள்ள நேரத்துக்குள் பூசி முடித்தாக வேண்டும். குட்டி யானையின் தளம் ஏறக்குறைய 7 அடிக்கு 5 அடி. பக்கத் தகடுகள் ஓரடி உயரம். உட்புறம் மொத்தம் 60 சதுர அடிக்குள் அடங்கிவிடும். தேவைக்கு மேல் வாங்கித் திறந்து வைப்பது வீண். பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து வாங்கி ஒரே நாளில் இரண்டு வண்டிக்கும் பூசிக்கொள்வது மிச்சம்.

எந்தப் பூச்சு நல்லது என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள், தகட்டை எப்படித் தயார் செய்வது என்று கேட்பதில்லை. துருவின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும் துரு உள்ளேயிருந்தே தின்றுகொண்டிருக்கும். வெளியே தெரியாது என்பதுதான் வித்தியாசம். முதலில் உப்புப் போக நல்ல நீரால் கழுவ வேண்டும். கடலோரப் போர் நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் கடைசிக் கழுவலுக்கு அது ஆகாது. உப்பு தங்கிய இடத்தில் பூச்சு பின்னால் கொப்பளிக்கும். அடுத்து சோப்பு நீரால் எண்ணெய்ப் பசையை எடுத்து, தெளிந்த நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் ஒரே சீராகப் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் போகவில்லை. பிறகு கம்பி பிரஷ்ஷாலும் முரட்டு உப்புத்தாளாலும் துருவை நீக்கி, பளபளக்கும் பழைய பெயிண்டையும் மங்கும்வரை தேய்க்க வேண்டும். தூசியைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, இரும்பு தெரிகிற இடங்களில் எபாக்சி பிரைமர் அடித்த பிறகே பூச்சு. நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. வண்டியின் அடிப்பக்கத்து வெல்டிங் இணைப்புகளிலும் துரு பிடிக்கும். அங்கும் கை வைக்க வேண்டும்.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கெட்டிப்படுத்தும் திரவம் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகிக் குமிழி எழும். மாசி, பங்குனியில் பனி உலர்ந்த பின் தொடங்கி, தகடு கொதிக்குமுன் முடிப்பது நல்லது.

அந்தத் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. முகத்தில் கட்டிய துண்டு இதைத் தடுக்காது. ஸ்பிரே துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக வீட்டுத் திண்ணையோரம் அடிக்கத் துணிவது சரியல்ல. தக்க முகக்கவசமுள்ள பட்டறைக்காரரிடம் அதை விட்டுவிட வேண்டும். வீட்டில் செய்பவர் திறந்த வெளியில், கையுறையும் ஆவியைத் தடுக்கும் கவசமும் அணிந்து, ரோலராலோ பிரஷ்ஷாலோ பூசலாம். இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் வரலாகாது.

வண்டி ஓட்டும் சிலர் செலவுக்கு அஞ்சிக் கழிவு ஆயிலையும் தாரையும் தடவுகிறார்கள். புதுவை வெயிலில் தார் இளகி மூட்டையில் ஒட்டும். ஆயில் பட்ட கீரையை யார் வாங்குவார்? மரப் படகுகளுக்குக் கடலோரத்தார் முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசியதுண்டு. கையைப் பொத்துப் போடும் அந்த எண்ணெயும் காய்கறி வண்டிக்கு ஏற்றதல்ல.

எல்லா வண்டிக்கும் இந்தச் செலவு தகாது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் தகட்டுக்குப் பூச்சு வாங்குவதைவிட, அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பதே சிக்கனம். புது வண்டி வாங்கியவர் முதல் மழைக்கு முன் பூசினால் பலன் முழுதாகக் கிடைக்கும். காய்கறிப் பெட்டிகளை இழுத்து இறக்குபவருக்குச் சொரசொரப்பான பூச்சு தொல்லை, மென்மையானதே போதும். நெல், உர மூட்டை ஏற்றுபவருக்கு அந்தச் சொரசொரப்பு மூட்டை நழுவாமல் பிடிக்கும். ஆனால் அதன் இடுக்குகளில் பூச்சி மருந்து சிந்தினால் எளிதில் போகாது. மருந்து டப்பாக்களைத் தொட்டியில் வைத்து ஏற்றுவது அவசியம்.

பூசிய பிறகு டப்பாவில் சொல்லியபடி முழுதும் இறுகும்வரை பாரம் ஏற்றக் கூடாது. பொட்டாஷ் ஏற்றிய நாளில் மாலையே தளத்தைக் கழுவி, பின்கதவைத் திறந்து சரிவான இடத்தில் நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும்.